மெயினை அணைத்தாலும் மலையேறாத அம்மன்

இப்போது தொழிலில் இருக்கும் வயர்மேன்கள் சேர்ந்து ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்களாம். "பழைய வீடுகள்ல கரண்ட் பாதுகாப்பைப் பத்திச் சுருக்கமா எழுதிக் கொடுங்க மாமா" என்று மலர்க்குழுக்காரர் வந்து கேட்டார். எழுதிக் கொடுத்தேன். "ஈரக் கையால் எதையும் தொடாதீர்கள்." இதைவிடச் சுருக்கமாக என்னால் முடியாது. மறுநாளே திரும்பி வந்து, மூன்று பக்கம் காலியாக இருக்கிறது மாமா என்றார். ஆகையால் இது நீண்டுபோனதற்கு நான் பொறுப்பில்லை.

அவர் போகும்போது புதிதாக வந்திருக்கும் ஒரு பெட்டியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார். கரண்ட் எங்கேயாவது தரைக்குக் கசிந்தால் போதும், பெட்டி தானாகவே பட்டென்று விழுந்து வீட்டை இருட்டாக்கிவிடும். நல்ல பெட்டிதான். வீட்டுக்காரர் சொல்லும் சமாதானத்தை அது கேட்பதில்லை, மாமியாருக்குப் பயப்படுவதில்லை, சாமிக்குற்றம் என்றால் நடுங்குவதில்லை. எங்கள் காலத்தில் அந்த வேலையை மனிதர்கள் செய்தோம். எங்களுக்குக் காதும் பயமும் இருந்தன.

நான் தொழில் கற்ற கதையைச் சொல்லி உங்களைச் சோதிக்கப் போவதில்லை. முதலில் ஏணியைப் பிடித்தேன், பிறகு ஏணியில் ஏறினேன், நடுவில் நிறையத் திட்டு வாங்கினேன். வெள்ளைக்காரர் ஆட்சி, ஜப்பான்காரன் இன்னும் வரவில்லை. மலாக்கா ஊருக்குள் பண்டார் ஹிலிரில் ஒரு மின்வேலைக் கம்பெனியில் இருந்தேன். அதன் பெயர் இப்போது எதற்கு? கம்பெனியும் இல்லை, அதை நடத்திய துரையும் இல்லை.

காஜா பேராங் பக்கத்துப் பழைய வீடுகள் மின்சாரத்தை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை அல்ல. சொல்லாமல் வந்த விருந்தாளியை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாதவர்கள் மாதிரி, வயரை ஜன்னல் கம்பியிலும் சட்டை மாட்டும் ஆணியிலும் முப்பாட்டனார் படத்தின் முதுகிலும் தொங்கவிட்டிருந்தார்கள். சுண்ணாம்புச் சுவர் மழைக்காலத்தில் தண்ணீர் குடிக்கும், வெயில்காலத்தில் குடித்ததைக் கக்கும். மரக் காப்புக்குள் வயர் ஓடும் வீடுகளில் மரத்தைக் கறையான் தின்றுவிட்டுப் பெயிண்டை மட்டும் நமக்காக விட்டு வைத்திருக்கும். இதில் பெரிய வேடிக்கை வயரின் மேலிருக்கும் ரப்பர். மலாக்காவைச் சுற்றி எங்கே பார்த்தாலும் ரப்பர் தோட்டம். அந்தப் பாலைச் சீமைக்குக் கப்பலேற்றி, வயராக்கித் திருப்பி வாங்கி, நம் வீட்டுச் சுவரில் அடித்தால், சில வருஷத்தில் அது ரொட்டித் தூளாக உதிர்ந்துவிடும். சொந்த ஊர்க் காற்று அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

பியூஸ் விஷயத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. பியூஸ் போனால் புதுக் கம்பி போடுவது கோழைகளின் வேலை என்று ஊரில் ஓர் எண்ணம். பண்டார் ஹிலிரில் ஒரு குமாஸ்தா வீட்டில் பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் அவர் மனைவியின் கொண்டை ஊசி இருந்தது. "நான் போட்டதுதாங்க. அதுக்கப்புறம் ஒரு தடவைகூடப் போகல" என்றார் பெருமையாக. "அது போகாதுங்க. வீடுதான் போகும்" என்றேன். அந்த அம்மாள் மட்டும் உள்ளேயிருந்து, காணாமல் போன ஊசி அதுதானா என்று கேட்டார்.

இப்படிப்பட்ட வீடுகளுக்கு எங்களை அழைத்துப் போனவர் ஓவர்சியர் கந்தையா. யாழ்ப்பாணத்துக்காரர். சீமைப் பரீட்சை ஒன்றைத் தபாலில் படித்துத் தேறியவர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளை டிரில் கோட்டோடு ஓட்டுக்கூரைக்குள் நுழைந்து, ஒட்டடை ஒன்றுகூட மேலே படாமல் இறங்கி வருவார். எப்படி என்று எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மரியாதை கூடும், அவ்வளவுதான். "சந்தானம்" என்று என்னைக் கூப்பிட்டால் எல்லாம் நலம். "மிஸ்டர் சந்தானம்" என்றால் எங்கேயோ தப்பு. "மிஸ்டர் சந்தானம் அவர்களே" என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது.

கரண்ட் இருக்கிறதா இல்லையா என்பதில் அவர் யாருடைய வாய்வார்த்தையையும் ஏற்கமாட்டார். ஹோல்டரில் ஒரு பல்பு, அதிலிருந்து இரண்டு வயர், இதுதான் அவருடைய சோதனை விளக்கு. மெயினை அணைத்த பிறகு அதை நேரே வேலை செய்யும் இடத்தில் வைக்க விடமாட்டார். முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமான இடத்தில் வைத்து, பல்பு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு வேலை இடத்தில் வைக்க வேண்டும். எரியவில்லையா, சந்தோஷப்படக் கூடாது. மறுபடி பழைய இடத்துக்குப் போய், நடுவில் பல்பே செத்துவிடவில்லை என்று பார்த்துக்கொண்டு வர வேண்டும். "விளக்கு எரியாட்டில் ரெண்டு காரணம் இருக்கலாம், காணும். ஒண்டு கரண்ட் இல்லை. மற்றது விளக்கு இல்லை. ரெண்டாவதை நம்பி ஏறினவன் இறங்கேக்கை ஆக்கள் தூக்கித்தான் இறக்குவினம்" என்பார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் கிண்டல் செய்தோம். ஆனாலும் ஒருவரும் தூக்கி இறக்கப்படவில்லை.

இந்த ஊரில் அவருடைய அவநம்பிக்கைக்கு இன்னொரு நியாயமும் இருந்தது. மலாயில் மின்சாரத்துக்கு ஆப்பி என்பார்கள், தீ என்று பொருள். அது இல்லை என்றால் மாத்தி. ஸ்விட்சை அணைத்தாலும் மாத்தி, பல்பு கெட்டுப்போனாலும் மாத்தி, ஆள் செத்தாலும் மாத்தி. "சூடா மாத்தி!", அதாவது மாத்தி ஆகிவிட்டது என்று வீட்டுக்காரர் கீழேயிருந்து கத்தினால், ஏணி மேல் நிற்கிறவனுக்கு இந்த மூன்றில் எது ஆகிவிட்டது என்று தெரிந்தாக வேண்டும். முதலாவது என்று நம்பிக் கையை வைத்துவிட்டு மூன்றாவதாக ஆகிவிடக் கூடாது.

காஜா பேராங்கில் இருக்கும் மலாக்கா செட்டிகள் வீட்டுக்குப் போனால் சிக்கல் இன்னொரு படி கூடும். அவர்கள் கோயிலுக்குப் போவார்கள், திருநீறு பூசுவார்கள், பெயரெல்லாம் நம் பெயர். பேச்சு மட்டும் மலாய். தமிழ் அவர்கள் வாயில் சாமி காரியத்துக்கு மட்டும் வரும், அதுவும் மலாய் வாக்கியத்தின் நடுவில் ஒற்றைச் சொல்லாக. சாமி விளக்கைப் போய் மாத்தி என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு வராது. மலையேறி என்பார்கள். விளக்கு அணைந்தாலும் மலையேறி, அருள் வந்தவரை விட்டுச் சாமி போனாலும் மலையேறி. நம் ஆட்களும் சொல்வதுதான். இந்த ஒரு சொல்லில்தான் எங்கள் தலை மாட்டிக்கொண்டது.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. பழைய இணைப்புகளை எல்லாம் பார்த்துச் சரிசெய்யச் சொல்லிக் கம்பெனிக்கு வேலை வந்தது. செட்டிகள் குடியிருப்பில் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்த எங்கள் இன்னொரு ஓவர்சியர், எல்லோர் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னார். "அந்த வீட்டுல சாமி மேடையத் தொட்டா அம்மன் சிலிர்ப்புக் குடுக்குதாம். ஊரே வரிசையில நிக்குது. நானும் தொட்டுப் பார்த்தேன், ஒண்ணும் இல்ல. அங்க இருக்கறது கரண்ட் இல்ல சார், பக்தி."

கந்தையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பக்திக்கு எத்தினை வோல்ட்டாம்?" என்று கேட்டார். பிறகு அந்த ஓவர்சியரின் கால்களைப் பார்த்தார். கம்பெனி கொடுத்த தடித்த ரப்பர் பூட்ஸ். "மேடையைத் தொடேக்கை உதுகளோடயோ நிண்டனீர்?" ஓவர்சியரின் வெள்ளைக் கோட்டுக்கு மரியாதை காட்டி, வீட்டார் அவரைப் பூட்ஸைக் கழற்றச் சொல்லவில்லையாம். "சந்தானம், வெளிக்கிடும்" என்று கிளம்பினார் கந்தையா.

அது மாக் தங்கா என்று எல்லோரும் அழைத்த அம்மாளின் வீடு. கெபாயாச் சட்டை, சரோங், கொண்டையில் மூன்று தங்க ஊசி. நல்ல வேளையாக அவை பியூஸ் பெட்டிக்குப் போகவில்லை. மகன் ஏதோ அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். தாயும் மனைவியும் இருக்கும் வீட்டில் இருப்பதைவிட அலுவலகமே பத்திரம் என்று முடிவு செய்தவர் போலும், நாங்கள் போனபோதெல்லாம் அவர் வீட்டில் இல்லை. மருமகள் சிவகாமி. ஏழாம் மாதம். உள்ளறைக் கதவோரம் நிற்பாள், பேசமாட்டாள்.

வாசலில் மாவிலைத் தோரணத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். மாக் தங்கா எங்கள் கால்களைக் காட்டி, "காசூட் ஜாங்கான் பக்காய். காசூட் பக்காய், அம்மா தா மாவ்" என்றார். செருப்புப் போட்டிருந்தால் அம்மன் தரமாட்டாள் என்று அர்த்தம். மின்சாரவியலை இவ்வளவு சரியாக எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

முன்கூடத்தில் வாசலைப் பார்த்தபடி மரத்தால் ஆன சாமி மேடை. முன்படிக்குப் பித்தளைத் தகடு போர்த்தியிருந்தார்கள். மேலே ஒரு சின்னச் சிவப்புப் பல்பு எரிந்துகொண்டிருந்தது. கந்தையா பார்த்துக்கொண்டிருக்க, நான் புறங்கையால் தகட்டை இலேசாகத் தீண்டினேன். எறும்புக் கூட்டம் ஒன்று முழங்கைவரை ஓடியது. வரிசையில் நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்துப் பரவசப்பட்டார்கள். "அம்மா அடா!" என்றார் மாக் தங்கா. அம்மன் இருக்கிறாள். "ஹூஜான், லாகி கூவாட்." மழை பெய்தால் இன்னும் பலமாம். அதுவும் சரிதான்.

கந்தையா மெயின் ஸ்விட்சை இறக்கினார். வீட்டு விளக்கெல்லாம் அணைந்தது. சிவப்புப் பல்பு மட்டும் எரிந்தது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இதை அவர்கள் தினமும் பார்க்கிற அதிசயமாம். மெயினை அணைத்தாலும் அம்மன் மலையேறமாட்டாள்.

எங்களுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. சாமி விளக்கு ஒருபோதும் அணையக் கூடாது என்று வீட்டார் கேட்டிருக்கிறார்கள். ஏதோ ஒரு வயர்மேன், கேட்டதைக் கேட்டபடி செய்து கொடுக்கும் நல்ல மனிதன், மீட்டரிலிருந்து மெயினுக்கு வரும் வயரிலேயே, மெயினுக்கு முன்னால், ஓர் ஒட்டுப் போட்டு நேரே மேடைக்கு இழுத்துவிட்டான். நடுவில் ஸ்விட்ச் இல்லை, வீட்டுப் பியூஸ் இல்லை. தெருவிலிருந்து வரும் கரண்ட் மொத்தமும் அந்தப் பித்தளைத் தகட்டுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. இதுவரை தகட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் ஏதோ ஈர மரம் கிடந்து பெரிய அடியைச் சின்னச் சிலிர்ப்பாக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறது. அந்த மரம் இன்னும் கொஞ்சம் நனைந்தால் போதும். அந்த நல்ல மனிதன் அன்றைக்கு என் கையில் கிடைத்திருந்தால் அவனையே தகட்டில் உட்கார வைத்திருப்பேன்.

விஷயத்தை நேரில் காட்டிவிட்டால் புரிந்துகொள்வார்கள் என்று கந்தையா நினைத்தார். படித்தவர்களுக்கே உரிய நினைப்பு அது. பின்கட்டுத் தண்ணீர்க் குழாயில் ஒரு வயரைக் கட்டி, சோதனை விளக்கின் மறு வயரைத் தகட்டில் வைத்தார். பல்புக்குள் கம்பி மெல்லச் சிவந்தது, ஊதுபத்தி முனை அளவுக்கு. ஸ்விட்ச் இல்லாமல், மெயின் இல்லாமல், ஓவர்சியர் கையில் இருந்த வெறும் பல்பு அம்மனைத் தொட்டதும் எரிகிறது!

மாக் தங்கா தரையில் விழுந்து கும்பிட்டார். வரிசை கலைந்து முன்னால் வந்தது. ஒருவர் கந்தையாவின் காலையும் தொட்டார். யாரோ வெளியே ஓடி மற்றவர்களைக் கூப்பிட்டார்கள். சிலிர்ப்பு மட்டும் தந்துகொண்டிருந்த அம்மனை ஒளி தரும் அம்மனாக உயர்த்திய பெருமை எங்கள் கம்பெனிக்குச் சேர்ந்தது.

"மிஸ்டர் சந்தானம், விளக்கைப் பைக்குள்ளை வையும்" என்றார் கந்தையா.

பிறகு தன் இலக்கண சுத்தமான மலாயில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, மாக் தங்காவிடம் ஆபத்தை விளக்கினார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "துவான் பூஞா ஆப்பி லாயின். அம்மா பூஞா ஆப்பி லாயின்" என்றார். உங்கள் தீ வேறு, அம்மன் தீ வேறு. அதோடு விவாதம் முடிந்தது.

விளக்கை ஏன் அணைக்க முடியாது என்பதையும் அவரே சொன்னார். மருமகள் வந்த வருஷம் போட்ட விளக்கு. ஒரு பேரப்பிள்ளை வேண்டும் என்று நேர்ந்துகொண்டு போட்டது. பிள்ளை பிறக்கும்வரை அது மலையேறக் கூடாது. இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. அதனால் இந்த முறை பூசையைக் கூட்டியிருக்கிறார். மருமகள் தினமும் காலையில் குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு, வெறுங்காலில் வந்து தகட்டைத் தொட்டுக் கும்பிடுகிறாள். வரும் வெள்ளிக்கிழமை ஏழாம் மாதச் சடங்கு. அன்றைக்கு மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, இரண்டு கையையும் தகட்டில் அழுத்தி வைத்து, பூசை முடியும்வரை எடுக்காமல் இருக்க வேண்டும். இதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் கண்கள் நிறைந்திருந்தன. மருமகள்மேல் அவ்வளவு பிரியம்.

கந்தையா என் பக்கம் திரும்பித் தமிழில் பேசினார். அந்த வீட்டில் தமிழ் யாருக்கும் விளங்காது என்பதால் குரலைக்கூடத் தணிக்கவில்லை. "கலியாணத்தோடை போட்ட விளக்கு. பிறகு ரெண்டு பிள்ளை தங்கேல்லை. ஒவ்வொரு நாளும் ஈரத்தோடை வந்து உந்தத் தகட்டைத் தொட்டிருக்கிறா. இதாலைதான் போச்சுதெண்டு நான் சொல்லமாட்டன், சந்தானம். இதாலை இல்லையெண்டும் சொல்ல ஏலாது. இப்ப மரம் நல்லா நனைஞ்சு போச்சுது. வெள்ளிக்கிழமை உந்தப் பிள்ளை ரெண்டு கையையும் வைச்சா, தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை."

"கட்டவுட்டைப் பிடுங்கி எடுத்துட்டுப் போயிடலாம் ஐயா" என்றேன். கட்டவுட் என்பது தெரு வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்நிலையத்தார் சீல் வைத்திருக்கும் பெரிய பியூஸ்.

"பிடுங்கலாம். நாங்கள் தெரு முடக்குத் திரும்பமுதல் ஆரோ ஒருத்தன் கம்பியைச் செருகிப்போடுவான். அவையின்ரை மனம் ஒத்துவராமல் ஒண்டும் செய்ய ஏலாது."

அவர் மறுபடி மாக் தங்காவிடம் கேட்டார். ஒரு நாள் போதும், புது வயர் போட்டு அதே விளக்கை ஏற்றித் தருகிறோம் என்றார். "தா பொலே மலையேறி" என்றார் அந்த அம்மாள். மலையேறக் கூடாது. மூன்றாம் முறை கேட்டபோது வாசலைக் கை காட்டினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்த அம்மாள் மேல் கோபம், அம்மன் மேல் கோபம், ஒன்றும் சொல்லாமல் கதவோரம் நின்ற அந்தப் பெண் மேல்கூடக் கோபம்.

அப்போதுதான் அவள் முதன்முதலாகப் பேசினாள்.

"மாக்," என்றாள் சிவகாமி மாமியாரிடம். "அம்மா சூடா மலையேறி."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அம்மன் மலையேறிவிட்டாளாம். இன்று காலை தான் தொட்டபோதே தகட்டில் ஒன்றும் இல்லையாம். பயந்துகொண்டு சொல்லாமல் இருந்தாளாம். தலை குனிந்தபடி மலாயில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். சற்று முன்னால் என் கையில் ஏறிய எறும்புகளுக்கும் ஓவர்சியர் கையில் எரிந்த பல்புக்கும் இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

மாக் தங்கா முகம் வெளுத்துவிட்டது. "தா படுல்" என்றார். பொய் என்றார். தானே தொட்டுப் பார்க்கிறேன் என்று எழுந்தார். நேரே போய்த் தொட்டிருந்தால் சிலிர்ப்பு வந்து மருமகள் சொன்னது பொய்யென்று தெரிந்திருக்கும், எங்கள் பேச்சும் எடுபட்டிருக்காது. ஆனால் அவர் முறை தெரிந்தவர். முதலில் பின்கட்டுக்குப் போய்க் கைகால் கழுவினார். எங்களுக்குக் கிடைத்த அவகாசம் அவ்வளவுதான்.

"சந்தானம், கட்டவுட். ஓடும்" என்றார் கந்தையா.

நான் வரிசையை இடித்துத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். முன் இறவாணத்துக்குக் கீழே இருந்த பெட்டியின் சீலை இடுக்கியால் நறுக்கினேன். சீலை உடைக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. அதற்காகக் கந்தையா பிறகு மின்நிலையத்துக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு, ஒரு சின்னத் துரையிடம் பேச்சு வாங்கினார். நான் பீங்கான் பிடியைப் பிடுங்கிய கணத்தில் திறந்த கதவு வழியாகப் பார்த்தேன். சிவப்புப் பல்பு அணைந்தது. ஈரம் சொட்டும் கையோடு மாக் தங்கா மேடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். கந்தையா அவருக்கு முன்னால் போய்த் தன் சொந்தப் புறங்கையைத் தகட்டில் வைத்துப் பார்த்துவிட்டு விலகினார். அவர் வாழ்நாளில் சோதனை விளக்கு இல்லாமல் செய்த சோதனை அதுவாகத்தான் இருக்கும்.

அந்த அம்மாள் தகட்டைத் தொட்டார். தடவினார். இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். பிறகு அப்படியே படியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழத் தொடங்கினார். வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அம்மன் இல்லாத இடத்தில் அவர்களுக்கு என்ன வேலை?

சிவகாமி போய் ஓர் அகல் விளக்கை ஏற்றி மேடையில் வைத்தாள். நாங்கள் வேலையைத் தொடங்கினோம். தகட்டைக் கழற்றினால், பின்னால் வயரைப் பிடித்திருந்த ஆணி ரப்பரைக் கடித்துச் செம்புவரை இறங்கியிருந்தது. ஆணிமுனைக்கும் பித்தளைக்கும் நடுவில் ஊறிப்போன ஒரு சிலாம்பு மரம், நகத்தால் கீறினால் மாவாக வந்தது. கந்தையா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார், யாரிடமும் காட்டவில்லை. ஒட்டை வெட்டி எறிந்தோம். ஈய உறை போட்ட கேபிள் இழுத்தோம். தகட்டிலிருந்து தரைக்கு எர்த் கொடுத்தோம். விளக்குக்குத் தனிப் பியூஸ், தனி ஸ்விட்ச், எல்லாம் மெயினுக்குப் பின்னால். பொழுது சாய்வதற்குள் சிவப்புப் பல்பு மறுபடி எரிந்தது. தகடு வெறும் தகடாக இருந்தது.

வெள்ளிக்கிழமைச் சடங்கு நடந்தது. அந்தப் பெண் இரண்டு கையையும் வைத்தாள், எடுத்தாள், எழுந்து போனாள். ஊருக்கு அது போதவில்லை. காஜா பேராங்கில் நானும் கந்தையாவும் நடந்து போனால், அம்மனை விரட்டிய வயர்மேன்கள் என்று சுட்டிக் காட்டினார்கள். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் நீங்கள்தான் பொறுப்பு என்று மாக் தங்கா ஆள் சொல்லி அனுப்பினார். ஸ்விட்சுக்கும் பியூஸுக்கும் உத்தரவாதம் கொடுத்த வயர்மேன்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரசவத்துக்கும் சேர்த்து உத்தரவாதம் கொடுத்தவர்கள் நாங்கள் இருவர்தான். பூட்ஸ் போட்ட ஓவர்சியர் தினமும் காலையில் "மகப்பேறு இலாகா வந்தாச்சா?" என்று விசாரிப்பார். கந்தையா அவருக்கு மிகுந்த மரியாதையோடு வணக்கம் சொல்வார். ஆனால் வேலைக்குப் போகும் வழியில் அவர் அந்தக் குடியிருப்புப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவதை நான் கவனித்தேன். நானும் அதையே செய்துகொண்டிருந்ததால் கேட்கவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல குரல், தெருமுனைவரை கேட்டது.

பெயர் வைக்கும் நாளுக்கு வாசலில் வரிசையாக விளக்குப் போட எங்களைத்தான் கூப்பிட்டார் மாக் தங்கா. முகம் முழுக்கச் சிரிப்பு. எங்களை உட்கார வைத்துப் பலகாரம் கொடுத்து, வந்தவர்களிடமெல்லாம் எங்களைக் காட்டிக் கதை சொன்னார். அம்மன் ஏன் தகட்டைவிட்டுப் போனாள்? மலைக்கா போனாள்? வயிற்றுக்குள் அல்லவா போனாள்! இதோ வந்து பிறந்திருக்கிறாள். அவள் போக வழி செய்து கொடுத்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். எங்களுக்கு இவ்வளவு பெரிய உத்தியோக உயர்வு கம்பெனி ஒருநாளும் கொடுத்ததில்லை. கந்தையா பலகாரத்தைப் பார்த்தபடி, "ஓம், ஓம்" என்று தமிழிலேயே தலையாட்டினார்.

வேலை முடிந்து பின்கட்டுக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தோம். சிவகாமி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். முன்கூடத்தில் மாமியாரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் ஒரு தடவை அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினாள். தமிழ். சுத்தமான, நம் வீட்டுத் தமிழ்.

"ஐயா, அன்னைக்கு நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

கந்தையா குழாயை மூடினார்.

"எங்கம்மா குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்துல பொறந்தவங்க. எனக்குத் தமிழ் தெரியும். இந்த வீட்டுல பேச ஆளில்ல, அதான் பேசறதில்ல." குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். "மொத ரெண்டும்... அதனாலயும் இருக்கலாம்னு சொன்னீங்க."

"பிள்ளை, அதை ஆராலையும் நிச்சயமாச் சொல்ல ஏலாது. நான் ஆக்களுக்கு விளங்காதெண்டு..." என்று தொடங்கினார். அவர் அப்படித் தடுமாறி நான் பார்த்ததில்லை.

"பரவால்லீங்க. கேட்டதுனாலதானே அம்மன் மலையேறிட்டாங்கன்னு சொன்னேன்."

உள்ளேயிருந்து மாக் தங்கா குழந்தையைக் கேட்டுக் கூப்பிட்டார். அவள் போகத் திரும்பினாள், பிறகு நின்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, அப்படியே வழிய விட்டாள்.

"எங்க மாமிக்கு மட்டும் தெரிய வேணாம் ஐயா. தினம் என் கையப் புடிச்சுத் தகட்டுல வச்சது அவங்கதான்."